சந்தனம் வைத்த உறைகள்

ஆயுத பூஜையன்று எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பார்கள். எண்பதுகளின் நடுவில், தென்னூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் சென்டர் அது. கல்லூரிகளுக்கு மார்க் பட்டியல், மில்களுக்குச் சம்பளப் பட்டியல், லாரி ஆபீஸ்களுக்குச் சரக்குக் கணக்கு என்று யார் எது கேட்டாலும் அடித்துக் கொடுப்போம். மெஷின் இருந்த ஏசி ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசு ஆகாது என்பது மெஷினை விற்றவர்கள் சொன்ன காரணம். ஆனால் வாசலில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகளையும், உள்ளே நுழைந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதையும் பார்ப்பவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை தபால்காரர் கைகூப்பிவிட்டே போனார்.

நான் அங்கே ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த வேலையில் எப்படிக் குப்பை கொட்டினாய் என்று இப்போதும் வீட்டில் கேட்கிறார்கள். உண்மையில் வாய் அதிகமாக இருந்ததால்தான் கொட்ட முடிந்தது. மெஷின் முரண்டு பிடிக்கும்போது நான் அதோடு சத்தமாகச் சண்டை போடுவேன். திட்டிக்கொண்டே வரும்போது பாதி வழியில் தப்பு எங்கே என்று எனக்கே தெரிந்துவிடும்.

என்னோடு இன்னொருத்தியும் எழுதினாள். இருவருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே டவுன் பஸ். அவள் என்னைப் போல் கத்த மாட்டாள். ஸ்க்ரீனில் வந்ததை உதட்டை அசைக்காமல் இரண்டு தடவை படிப்பாள், பிறகு ஒரே ஒரு வரியைத் திருத்துவாள். அநேகமாக அது சரியாகவே இருக்கும். கல்யாணமாகி வேலையை விட்டுப் போனவள், இரண்டே வருஷத்தில் புருஷனை மஞ்சள் காமாலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். மாமனார் வீட்டில்தான் இருந்தாள். அங்கே நல்லது நடக்கும் நாட்களில், யாரும் சொல்லும் முன்பே பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். இதை ஒரு புகாராக அவள் சொன்னதில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைக்கவில்லை என்பதுபோல் சொல்வாள். கேட்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆபீஸில் அவளுக்குப் பின்கட்டு கிடையாது. அங்கே அவளை எல்லோரும் தேடுவார்கள். "அந்த லெட்ஜர் ப்ரோகிராம் நிக்குதும்மா, கொஞ்சம் வந்து பாரு" என்று மேனேஜரே எழுந்து அவள் மேஜைக்கு வருவார். அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் அவள் காலையில் மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டு பஸ் ஏறினாள் என்று எனக்குத் தெரியும்.

இனி கொஞ்சம் வேலை விவரம் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் ப்ரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அது ஒரு பிளாப்பி டிஸ்கில் இருக்கும். வரிசைப்படுத்துவது, தேதி போடுவது போன்ற பொதுவான காரியங்களை ஏற்கெனவே எழுதிச் சேர்த்து வைத்த தொகுப்பு லைப்ரரி. அது இன்னொரு டிஸ்க். பேப்பரில் கட்டம் போட்டு அடிப்பதற்கான காரியங்கள் மூன்றாவதில், அதை நாங்கள் பிரிண்ட் டிஸ்க் என்போம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துச் சேர்த்தால்தான் ப்ரோகிராம் முழுசாக உருவாகும். கம்பைலர் "இந்த இடத்தில் இன்ன பெயருள்ள காரியத்தைக் கூப்பிடு" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பெயர் மற்ற இரண்டு டிஸ்கில் ஏதாவது ஒன்றில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சேர்ப்பது நின்றுபோய், கிடைக்காத பெயர்களெல்லாம் ஸ்க்ரீனில் வரிசையாக வந்து நிற்கும்.

அந்தக் கோடையில் மெட்ராஸிலிருந்து மூன்று டிஸ்குகளுக்கும் புதுப் பதிப்பு அனுப்பியிருந்தார்கள். புது கம்பைலர் பல காரியங்களைப் புதுப் பெயர் சொல்லிக் கூப்பிடும், பழைய லைப்ரரிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆகவே புதுசுக்குப் புதுசு, பழசுக்குப் பழசு என்றுதான் போட வேண்டும். பழைய வாடிக்கையாளர்களின் வேலைக்குப் பழைய டிஸ்குகளும் தேவைப்பட்டதால் அவற்றையும் வைத்திருந்தோம். கம்பெனிக்காரர்கள் இரண்டு பதிப்புக்கும் ஒரே மாதிரி லேபிளை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதனால் நாங்கள் காகித உறையின் மேல் பேனாவால் 'பழசு', 'புதுசு' என்று எழுதி வைத்துக்கொண்டோம். அடையாளம் உறையில் இருந்தது, டிஸ்கில் இல்லை.

அதற்கு முந்தைய வருஷம் ஆயுத பூஜையில் ஒரு டிஸ்கின் திறப்பு வழியாகக் குங்குமம் உள்ளே போய், அந்த டிஸ்க் குப்பைக்குப் போனது. அன்று நான் போட்ட சத்தம் கீழே மருந்துக் கடை வரை கேட்டதாம். மேனேஜர் நெற்றியில் திருமண் இல்லாமல் வெளியே வராதவர். பூஜையை விட முடியாது, டிஸ்கையும் கெடுக்கக் கூடாது. என் வாய்க்கும் கொஞ்சம் பயந்தார். ஆகவே இந்த வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தார். டிஸ்குகளை உறையிலிருந்து உருவி, சுத்தமான வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, காலி உறைகளை மட்டும் மேஜையில் பரப்பிச் சந்தனம், குங்குமம் வைத்தார். உள்ளே ஒன்றுமில்லாத உறைகளுக்குக் கற்பூர ஆரத்தி காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பொரியை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். புது கம்பைலர் டிஸ்க் மட்டும் மெஷினுக்குள் இருந்தது, அதை அவர் தொடவில்லை.

பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று புனர்பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்த கையோடு புதிதாக ஏதாவது ஒரு வேலையை ஆரம்பிக்கவும் வேண்டும். அன்றைய முதல் வேலை நன்றாக முடிந்தால் வருஷம் முழுக்க நன்றாக இருக்கும் என்பது மேனேஜரின் கணக்கு. ஒரு கல்லூரியின் மார்க் பட்டியலுக்காக அவள் எழுதிய ப்ரோகிராம் பூஜைக்கு முந்தைய வாரமே நன்றாக ஓடியிருந்தது. கல்லூரியில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். அதைச் சேர்த்து மறுபடி உருவாக்க வேண்டும். அதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வோம் என்றார் மேனேஜர்.

பஞ்சிங் செக்‌ஷனுக்கு ஒரு அக்கா பொறுப்பாக இருந்தார். கீ அடித்து விவரங்களை ஏற்றும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் மேலே. முதல் கீயை வேறு யாராவது தட்டட்டுமே, பிறகு அவள் உட்காரட்டுமே என்று அக்கா மேனேஜரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா கெட்டவர் இல்லை. அவள் துக்கத்தில் இருந்தபோது வாரம் தவறாமல் ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். ஆனால் நல்ல நாள் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு கணக்கு. மேனேஜர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, அவள் எழுதியது, அவளே ஆரம்பிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்ச நஞ்சமில்லை.

அவள் உட்கார்ந்தாள். எல்லோரும் பின்னால் நின்றோம். கம்பைலர் ஒழுங்காக முடிந்தது. லைப்ரரி டிஸ்கையும் பிரிண்ட் டிஸ்கையும் 'புதுசு' உறைகளிலிருந்து எடுத்துப் போட்டாள். ஸ்க்ரீன் நிறைய, கிடைக்காத பெயர்கள் வந்து விழுந்தன. மறுபடி தட்டினாள், மறுபடி அதேதான். அக்கா கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் போனதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அன்று அரை நாள்தான் ஆபீஸ். கிளம்பும்போது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாளையிலிருந்து அவள் பஞ்சிங் செக்‌ஷனில் இருக்கட்டும், ப்ரோகிராமை நீ முடித்துக் கொடு என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "நான் இதையெல்லாம் நம்பறேன்னு இல்லேம்மா. ஆனா நாலு பேர் பேச ஆரம்பிச்சுட்டா அவளுக்குத்தானே கஷ்டம்?" என்றார். அவளுக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று அவளையே தூக்கி ஓரமாக வைக்கிறார். இப்படிப்பட்ட நல்ல மனசோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது தெரிந்தது.

"நான் தொட்டிருக்கக் கூடாது," என்றாள்.

மெஷினுக்கு உன் கையும் தெரியாது, என் கையும் தெரியாது என்று நான் வெடித்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மெஷினுக்குத் தெரியாதுதான். மத்தவங்களுக்குத் தெரியுதே. வீட்ல நானே ஒதுங்கிக்கறேன், அது பழகிப்போச்சு. இங்கயும் ஒதுங்கணும்னா நான் எங்க போவேன்?"

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியாததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அவள் நேராகப் பஞ்சிங் செக்‌ஷனுக்குப் போய், அக்கா காட்டிய மூலையில் உட்கார்ந்தாள். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல் அதைத் திட்ட ஆரம்பித்தேன். போன வாரம் ஓடினாய், இந்த வாரம் ஓட மாட்டேன் என்கிறாய், நடுவில் என்ன வந்தது உனக்கு? கூடுதல் பத்தியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அதே பெயர்கள்தான் வந்தன. அப்படியானால் அவள் எழுதியதில் ஒன்றும் இல்லை. நடுவில் வந்தது பூஜை ஒன்றுதான். ஆபீஸில் எல்லோரும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆனால் அவள் கைராசிதான் காரணம் என்று அங்கேயே நின்றுவிட்டார்கள்.

கிடைக்காத பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாமே புதுப் பதிப்பில் வந்த பெயர்கள், பழசில் இருந்த பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அதாவது கம்பைலர் புதுசு, அது போய்க் கேட்ட இடம் பழசு. 'புதுசு' உறையிலிருந்த லைப்ரரி டிஸ்கைப் போட்டு அதன் முதல் வரியைத் திரையில் கொண்டுவந்தேன். பழைய பதிப்பு எண் வந்தது. 'பழசு' உறையிலிருந்ததைப் போட்டேன். புதுசு. இரண்டு உறையிலும் சந்தனம் காய்ந்து வெடித்து, பார்க்க மங்களகரமாக இருந்தது. நான் கையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. டிஸ்குகளை உறையில் திரும்பப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். விஜயதசமியன்று விடியற்காலையில் குளித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து புனர்பூஜை செய்து, மற்றவர்கள் டிஸ்கை வளைத்துவிடுவார்கள் என்று தன் கையாலேயே எடுத்து வைத்தவர் மேனேஜர்தான்.

அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. தப்பு செய்துவிட்டோமே என்பதைவிட, பூஜையில் தப்பு வந்துவிட்டதே என்பதுதான் அவரை உலுக்கியது. சரியானதைப் போட்டு நீயே ஓட்டிவிடும்மா என்றார். டிஸ்கில் ஏதோ கோளாறு என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், பூஜையை ஏன் அதில் இழுக்க வேண்டும் என்றும் கேட்டார்.

நான் ஓட்ட முடியாது என்றேன். நான் தட்டி அது ஓடிவிட்டால், அவள் தட்டினால் நிற்கிறது, மற்றவர்கள் தட்டினால் ஓடுகிறது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாராலும் அழிக்க முடியாது. அவள்தான் தட்ட வேண்டும், எல்லோரும் பார்க்கத் தட்ட வேண்டும். மேனேஜர் மேஜை மேலிருந்த பேப்பர்களை நேராக அடுக்கினார், மறுபடி கலைத்து அடுக்கினார். பிறகு சரி என்றார்.

அவள் லேசில் வரவில்லை. "வேணாம், நீயே போட்டுடு. நல்லபடியா முடிஞ்சாப் போதும்" என்றாள். அவள் குரலில் கோபமோ அழுகையோ இல்லை, ஒரு சமாதானம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் அந்த மூலையில் உட்கார்ந்தால் அவள் அங்கேயே தங்கிவிடுவாள் என்று தோன்றியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஞ்சிங் பெண்களும் பின்னால் வந்தார்கள், அக்காவும் வந்தார்.

டிஸ்கை மாற்றி வைத்துவிட்டு, தட்டு என்றேன். தட்டினாள். ஸ்க்ரீன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, கிடைக்காத பெயர் ஒன்று வந்து நின்றது.

எனக்கு மட்டும் அது நல்ல சேதி. நேற்று திரை நிறைய இருந்தது இன்று ஒன்றே ஒன்றாகக் குறைந்திருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தப்பு மாறினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு நேற்றும் தப்பு, இன்றும் தப்பு, இரண்டு நாளும் அதே கை. யாரோ "ச்சு" கொட்டினார்கள். குறைந்திருக்கிறது என்று நான் உரக்கச் சொன்னது எனக்கே சமாளிப்பதுபோல் கேட்டது. அவள் எழுந்துகொள்ள நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். கண் மட்டும் ஸ்க்ரீனில் இருந்தது. அந்தப் பெயரை உதடு அசையாமல் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"இது லைப்ரரில வராது. கட்டம் போடறது. பிரிண்ட் டிஸ்க்கைக் குடு."

எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. லைப்ரரி உறை மாறியிருந்தால் அதன் பக்கத்து உறையும் மாறியிருக்கலாம் என்று நான் பார்க்கவே இல்லை. அவள் பிரிண்ட் டிஸ்கின் முதல் வரியைத் திரையில் கொண்டுவந்தாள். பழசு. 'பழசு' உறைக்குள் புதுசு இருந்தது. அவள் அதோடு விடவில்லை. பெட்டியிலிருந்த எல்லா டிஸ்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சரியான உறையில் வைத்தாள். அந்த நேரம் முழுக்க எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். அவளுக்கு நாங்கள் இருந்தது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கம்பைலர் முடிந்தது, லைப்ரரி முடிந்தது, பிரிண்ட் டிஸ்கும் முடிந்தது. ஒரு பெயரும் வரவில்லை. பிரிண்டர் ஒரு உறுமல் உறுமிவிட்டு, கூடுதல் பத்தியோடு முதல் பக்கத்தை அடிக்க ஆரம்பித்தது.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்றைக்கு ஏகாதசி ஆயிற்றே, நாள் விசேஷம், அதுதான் சரியாகிவிட்டது என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த மேனேஜரும், பெருமாள் கைவிடவில்லை என்று தலைக்கு மேல் கையைக் கூப்பினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நாற்காலியைத் திருப்பிவிட்டாள்.

"நேத்து வராததுக்கு நான். இன்னிக்கு வந்ததுக்கு ஏகாதசியா சார்?"

குரல் உயரவில்லை. ஒரு தப்பைக் காட்டி இது ஏன் இப்படி வருகிறது என்று கேட்பாளே, அதே குரல்தான். பிரிண்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கூப்பிய கையை இறக்க மறந்து நின்றார். அக்கா தரையைப் பார்த்தார். நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

மேனேஜர் கையை இறக்கினார்.

"இல்லேம்மா. நேத்திக்கு வராததுக்கு நான். டிஸ்க்கெல்லாம் உறையில மாத்திப் போட்டவன் நான்தான்." அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு வந்ததுக்கு நீ."

புருஷன் போனபோது நாங்கள் யாரும் பார்க்க அழாதவள், கீபோர்டின் மேல் வைத்த கையை எடுக்காமலேயே அழுதாள். அக்கா வெளியே போய், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். மெஷின் இருக்கும் ரூமுக்குள் தண்ணீர் கொண்டுவரவே கூடாது என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் உட்பட.